பக்கத் திறப்பு

பங்குனியில் அளவெடுத்தேன்.
அப்போது எல்லோரும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.
தடைக்காலம் வந்து படகுகள் கட்டிக் கிடக்க
சேனாதிபதிக்கு இரண்டங்குலம் கூடிவிட்டது,
மந்திரிக்கு மூன்று,
வானதூதருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை,
சொல்ல மாட்டேன்.

திருவிழா ஒன்பதாம் ராத்திரி நாடகம்.
அளவு நோட்டை மூடிவிட்டு
உள்மடிப்பில் விட்டுவைத்த துணியை நம்பி
உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கச்சிமடத்து ஆம்பளைகளுக்குத் தைக்கிறவள்
ஒன்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.
வலது தோள் அரை அங்குலம் கூட.
வலை இழுத்த தோள்.
கடைச் சட்டைக்கு அது தெரியாது,
கக்கம் கிழிந்து என்னிடம்தான் வரும்.

உப்புக்காற்றில் குண்டூசி
ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கிறது.
வானதூதரின் வெள்ளை அங்கியில்
இடுப்பைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள்.
எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டேன்.
போகாத இடத்தில் சம்கி ஒட்டினேன்.
கீழே மணலில் உட்கார்ந்து பார்த்தால்
அது மகிமை.

அடிமை வேஷம் மிக்கேல்ராயருக்கு. நேர்ச்சை.
இரண்டு விசைப்படகும் ஒரு ஐஸ் கம்பெனியும் உள்ளவர்.
"கிழிசல் கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும், பிரகாசி."
புதுக் காடாவைக் கத்தரித்து
செங்கல்லில் தேய்த்து
கட்டஞ்சாயாவில் ஒரு பகல் ஊறவைத்தேன்.
கிழிசலுக்கும் ஓரம் தைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் இரண்டாம் காட்சிக்குள்
அது தன் இஷ்டத்துக்குக் கிழியும்.

ராசா சவேரியான். குரல் அப்படி.
மிக்கேல்ராயர் படகில்தான் வலை இழுக்கிறான்.
முன்பணம் எண்பதாயிரம், ஊருக்கே தெரியும்.
கணுக்கால்வரை ஊதா வெல்வெட்,
ஜரிகைக் கரை,
கழுத்தில் தெர்மோகோல் வைரம்.

மூன்றாம் காட்சியில்
மண்டியிட்ட அடிமையின் தோளில் ராசா கால் வைக்கணும்.
"அக்கா, தொடையில பிடிக்குது."
பக்கத் திறப்பை முழங்கால்வரை பிரித்தேன்.
"இன்னும் பிடிக்குதுக்கா."
ஒரு சாண் மேலே.
"கால் எழும்ப மாட்டேங்குது."
அண்ணாவியார் விசிலை வாயிலிருந்து எடுத்தார்:
"இதுக்கு மேல தொறந்தா ராஜ்ஜியமே தெரியும்."

சாயா வந்தது.
மிக்கேல்ராயர் போன் பேச வெளியே போனார்.
தரையில் கிடந்த மூட்டைகளை,
சேனாதிபதியின் கேடயத்தை,
என் தையல் ஸ்டூலை
ஒரே எட்டில் தாண்டிப்போய் டம்ளரை எடுத்தான் ராசா.
வெல்வெட் ஒரு முனகல்கூட இல்லை.

நான் பார்த்ததை அவன் பார்த்தான்.
சாயா சூடாக இருந்ததுபோல ஊதிக்கொண்டே இருந்தான்.

திரும்பவும் ஒத்திகை.
சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார் மிக்கேல்ராயர்,
முட்டிக்குக் கீழே ஒரு துண்டு போட்டுக்கொண்டு.
"வைடா."
"அடிமை பேசப்படாது" என்றார் அண்ணாவியார்.
"வைடான்னா வைடா!"

வைத்தான்.
தரையோடு தரையாக
ஓரம் குத்திக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது,
பாதத்துக்கும் தோளுக்கும் நடுவே
ஒரு விரல் வெளிச்சம்.
ஒற்றைக்காலில் நின்று
உடம்பின் பாரமெல்லாம் தன் இடுப்பிலேயே தாங்கி
மீசைக்குள் வியர்த்துக்கொண்டு
வசனம் சொன்னான்.
வசனம் நன்றாகத்தான் வந்தது.
கண்கள் மட்டும் அவர் பிடரியைப் பார்க்காமல்
சுவரில் தொங்கிய மந்திரியின் அங்கவஸ்திரத்தில் இருந்தன.

ராத்திரி பதினொன்று.
கோயில் வாசலில் மைக்செட்டுக்காரன்
ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தான்.
ராசாவின் திறப்பில் ஒரு சாணை
இரட்டை நூல் போட்டு மூடினேன்.
பிறகு அளவு நோட்டைத் திறந்து
மிக்கேல்ராயர் பக்கத்தைப் பார்த்தேன்.
மற்றவர்கள் பக்கத்திலெல்லாம் தோளுக்கு இரண்டு எண்.
இவருக்கு ஒன்றுதான் எழுதியிருக்கிறேன்.

பழைய கோட்டின் பஞ்சை உருவி
கிழிசலுக்கு உள்ளே, வலது தோளில் மட்டும்
அரை அங்குலத்துக்கு மெத்தை வைத்தேன்.

காலையில் போட்டுப் பார்த்தவர்
கண்ணாடி முன் கழுத்தைச் சாய்த்தார்.
"என்ன பிரகாசி, ஒருபக்கம் தூக்கி நிக்குது?"

"மேடையில சரியாயிரும்" என்று
நூலைப் பல்லால் கடித்தேன்.